ரப்பர் பேண்டு போட்டுக் கேட்ட கேசட்

அந்தக் கேசட்டைப் பற்றி எழுதித் தரச் சொல்லி இப்போது கேட்கிறார்கள். இப்போதுதான் அதைக் கண்டெடுத்திருக்கிறார்கள், காதில் எதையோ செருகிக்கொண்டு நடக்கிற பிள்ளைகள். காலத்துக்கு முந்திப் பிறந்த ஆல்பம் என்கிறார்கள். துள்ளல் என்கிறார்கள். அந்த வயதில் அந்த மனிதருக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு வேகம் என்கிறார்கள். நீங்க தாம்பரம்தானே சார், அவரோட பழகியிருக்கீங்களாமே, நாலு பக்கம் எழுதுங்களேன். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் கை நகரவில்லை. வேகம் என்ற சொல்லைக் கேட்டதும் காது மடல் சுடுகிறது, இத்தனை வருடம் கழித்தும்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற அளவுக்கு அது பெரிய பொருளில்லை. ஒரு ரப்பர் பேண்டு.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கு மனு போட்டுக்கொண்டும் யாரும் கேட்காத கவிதைகளை எழுதிக்கொண்டும், செலையூர் போகிற சாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு மொட்டைமாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் நான் வெந்துகொண்டிருந்தேன். கீழே கூடத்தில் டிவி இருந்தது, புது டேப்ரிக்கார்டர் இருந்தது, அவை வீட்டுக்கு. என்னுடையது அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்து, அலுத்துப்போய்த் தூக்கிக் கொடுத்த பழைய டூ-இன்-ஒன். ஒரு நாள் டேப் நின்றது. திருகாணிகளைக் கழற்றினால், உள்ளே பெல்ட் அறுந்து சுருண்டு கிடந்தது. மோட்டாரின் சின்னச் சக்கரத்திலிருந்து டேப்பை இழுக்கும் பெரிய சக்கரத்துக்குப் போகிற கறுப்பு ரப்பர் வளையம். மேஜையில் அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டைகள் கிடந்தன. அவற்றைச் சுற்றி மெடிக்கல் ஷாப்பில் போட்டுத் தந்த சிவப்பு ரப்பர் பேண்டை உருவி மாட்டினேன். ஓடியது. தாம்பரத்தில் பாதி டேப்ரிக்கார்டர்கள் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன என்பது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அதை என் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

ரப்பர் பேண்டு வழுக்கும். வழுக்கினால் சக்கரம் மெதுவாகச் சுற்றும். சக்கரம் மெதுவானால் பாட்டு நீளும், குரல் இறங்கும். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்த பழைய கேசட்டுகளை மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் இழுத்தன. டேப் தேய்ந்துவிட்டது என்று தீர்மானித்து ஒதுக்கி வைத்தேன். ஒரே ஒரு கேசட் மட்டும் இழுக்கவில்லை. அது ஆழமாக இருந்தது.

அதைப் போட்டவரின் பெயர் வேண்டாம். இசையமைப்பாளர். நான் பிறப்பதற்கு முன்பே படங்களுக்கு மெட்டுப் போட்டவர், சிலவற்றைத் தானே பாடியவர். எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் பந்தி போடும்போது மைக் செட்டுக்காரர் வைக்கிற பாட்டு அவருடையது. சாம்பார் வாளியும் அந்தப் பாட்டும் சேர்ந்துதான் வரும். பிறகு படங்கள் வேறு ஆட்களிடம் போயின. பக்திக் கேசட் ஒன்றிரண்டு போட்டார், அதுவும் நின்றது. அதற்கப்புறம், தலை முழுக்க நரைத்த பிறகு, சினிமாவும் இல்லாமல் சாமியும் இல்லாமல் ஒரு கேசட். அட்டையில் அவர் முகம்கூட இல்லை. ஒரு சமையலறைத் தரை, அதில் ஒரு வெட் கிரைண்டர், அவ்வளவுதான். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் அடியில் சாக்கு விரித்துக் கேசட் குவித்து விற்கிறவரிடம் அது கிடைத்தது.

"அத்த யாரும் வாங்க மாட்டாங்கோ நைனா, வேற எட்துக்கோ" என்றார் அவர். விற்கிறவரே வேண்டாமென்று சொல்கிற சரக்கின் மேல் எனக்கு அந்த வயதில் தனிக் காதல் இருந்தது.

முதல் பாட்டு, எலக்ட்ரிக் ட்ரெயின் பிரேக் போடும் சத்தத்தில் தொடங்கும். அப்போதெல்லாம் மீட்டர்கேஜ் வண்டி. அதன் கிறீச்சிடல் எங்கள் ஊரின் தூக்கத்துக்குள்ளேயே இருந்தது. ஆனால் என் அறையில் அது கிறீச்சிடவில்லை. முனகியது, பெரிய மிருகம் ஒன்று முழங்காலை மடக்கி உட்காருவதுபோல. அதற்குப் பின்னால் மெஷின் டிரம், டொப், கொஞ்சம் இடைவெளி, டொப். பிறகு அவர் குரல். பல்லவி இல்லை, சரணம் இல்லை. ஸ்டேஷன் பெயர்கள் மட்டும். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம். வரிசையைக் கலைத்து, போன இடத்துக்கே திரும்பி வந்து, ஒன்றை இரண்டு முறை சொல்லி, ஒன்றை விட்டுவிட்டு. காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பேசுகிற குரல். அந்த வண்டி எங்கும் போய்ச் சேராது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

மூன்றாவது பாட்டில் தம்புராவுக்குப் பதில் வெட் கிரைண்டர். மாவு அரைபடும் சத்தமே சுருதி. அதன் மேல் சொல்லே இல்லாமல் ஒரு ஹம்மிங். குரல் லேசாக, ஒரே சீராக நடுங்கும். முதுமையின் கமகம் என்று ஒரு வரி எழுதி வைத்தேன். அந்த வரியை எழுதிவிட்டு மொட்டைமாடியில் அங்குமிங்கும் நடந்தது ஞாபகம் இருக்கிறது. ரப்பர் பேண்டின் ஒரு பக்கம் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு சக்கரத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவர் குரல் நடுங்கியது. இரண்டாம் பக்கத்தின் முடிவில், கடைசிப் பாட்டு ஓய்ந்தபின், ஒரு அழுகை. இசை இல்லாமல், மறைக்காமல், ஒரு வயதானவரின் விம்மல். அதைக் கேட்டு நானும் அழுதிருக்கிறேன்.

அவர் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார் என்பது பால் பூத் வரிசையில் தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் ஒயர் கூடை. பூத்காரர் பாக்கெட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஒரு வரி சார், ஒரே வரி. அப்பதான் பால் திரியாது" என்பார். வரிசை சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே அந்தக் கல்யாணப் பாட்டின் முதல் வரியைப் பாடுவார். பாக்கெட் கூடைக்குள் விழும்.

"ஒங்க பாட்டு இல்லாம எங்க வூட்டுல ஒரு கல்யாணமும் நடந்ததில்ல சார்" என்பார் வரிசையில் யாராவது.

"சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்பார் இவர்.

எனக்கு அந்த வரிசையின் மேல் கோபம் கோபமாக வந்தது. நான் அவர்களில் ஒருவனில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதுதான் உண்மை, பாட்டின் மேல் இருந்த பிரியத்தோடு இதுவும் கலந்திருந்தது. ஒரு காலை அவர் பின்னாலேயே போனேன்.

"சார், உங்க கிரைண்டர் கேசட் எங்கிட்ட இருக்கு."

நின்றார். "எது?"

"அட்டையில கிரைண்டர் போட்டது. தினமும் கேக்கறேன் சார்."

"தினமுமா? ஏன், வீட்டுல வேற கேசட் இல்லியா?"

"மனப்பாடம் சார். ரெண்டு பக்கமும்."

கூடையைக் கை மாற்றிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார், விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று. "அத எம் பொண்ணே முழுசாக் கேட்டதில்ல தம்பி. கம்பெனிக்காரன் முழுசாக் கேட்டிருந்தா வெளியவே விட்டிருக்க மாட்டான்."

நடந்துகொண்டே சொன்னார். தெரிந்த ஒருவர் கோடம்பாக்கத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறார், இன்னொன்று பண்ணுங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். மெட்டெல்லாம் இருக்கிறது. பண்ணுவதா விடுவதா என்றுதான் தெரியவில்லை.

"கேக்கறதுக்கு ஒரு ஆள் இல்லாம எதுக்குப் பண்ணணும், சொல்லுங்க? இந்த பால் பூத்துல ஒரு வரி பாடினாப் போதாதா?" வீட்டு வாசலில் நின்று கேட்டைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கேக்கும்போது ஒரு நா நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். எங்க புடிக்குது, எங்க கைய விட்டுடறீங்கன்னு. அத வெச்சு முடிவு பண்ணிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். அம்மா கேசரி கிளறியிருந்தாள். "ஒங்க கல்யாணப் பாட்டு..." என்று தொடங்கிய அம்மாவை முறைத்தேன். மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில். பட்டனை அழுத்தினேன்.

பிரேக் முனகியது. அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. டேப்ரிக்கார்டரைப் பார்த்தார். மேலே டியூப் லைட்டைப் பார்த்தார்.

"வோல்டேஜ் கம்மியா தம்பி?"

விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் பக்கத்தில் டியூப் லைட் கண் சிமிட்டும், ஃபேன் யோசித்துச் சுற்றும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் பெருமையாகப் பதில் சொன்னேன்.

"இல்ல சார், ஸ்டெபிலைசர் இருக்கு."

"ஓ" என்றார்.

அவருடைய வலது கை முழங்காலில் தாளம் போடத் தொடங்கியது. விரல் விழுந்தது, டிரம் விழவில்லை. விரல் காத்திருந்தது. டிரம் வந்தபோது விரல் அடுத்ததற்குப் போயிருந்தது. இன்னும் ஒரு முறை முயன்று பார்த்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் இன்னொரு கையையும் வைத்துக்கொண்டார். இவ்வளவும் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் எப்படிக் கேட்கிறேன் என்று பார்க்கத்தானே வந்திருக்கிறார், பார்க்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கத் தோன்றுகிறது. மூடிய கண்ணோடு தலையை வேறு மெல்ல அசைத்தேன்.

பாட்டு முடிந்ததும் நிறுத்தினேன். "இது சாவப் பத்தின பாட்டு, இல்லியா சார்?"

"எது, ட்ரெயின் பாட்டா?"

"ஆமா சார். ஒரு பெரியவர், கடைசியா, போன ஊரையெல்லாம் நெனச்சுப் பாக்கறார். பல்லாவரம் ரெண்டு தடவ வருதே, அது மறதி. மீனம்பாக்கத்துக்கு அடுத்த பழவந்தாங்கல் வரவே இல்ல. அங்க யாரோ இருந்து, போயிட்டாங்க. அதனால அந்தப் பேர அவரால சொல்ல முடியல."

அவர் என்னைப் பார்த்தார். "பழவந்தாங்கல்" என்றார். "ஆமா. விட்டிருக்கேன்."

எல்லாப் பாட்டுக்கும் விளக்கம் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அந்த விம்மல் வந்து அடங்கியதும், தணிந்த குரலில் கேட்டேன். "இத எப்படி சார் ரெக்கார்ட் பண்ணினீங்க? நெஜமாவே அழுதீங்களா?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "அந்த நேரத்துல அதுவா வந்துடுச்சு தம்பி."

படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "இவ்வளவு பொறுமையா இத யாரும் கேட்டிருக்க மாட்டாங்க" என்றார். அன்று முழுக்க அந்தப் பொறுமை என்ற சொல்லை நாக்கில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்துப் பால் பூத்தில், பாடி முடித்து, கூடையோடு என்னிடம் வந்து, "பண்ணிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஸ்டுடியோக்காரன்கிட்ட சொல்லியாச்சு. ஆனா இது வேற மாதிரி" என்றார். என்னால்தான் என்று நினைத்தேன். என்னால்தான்.

அக்கா பையனுக்குக் குன்றத்தூர் முருகன் கோயிலில் மொட்டை. வேன் பேசி எல்லோரும் போனோம். வேனில் பெரிய ஸ்பீக்கர் இருக்கும், ஒரு தடவையாவது இதை முழுச் சத்தத்தில் கேட்கலாம் என்று கேசட்டை எடுத்துப் போயிருந்தேன். "கவிஞர் ஏதோ போடறாராம், எல்லாரும் காதப் பொத்திக்குங்க" என்றார் அக்கா வீட்டுக்காரர். டிரைவர் கேசட்டை வாங்கிச் செட்டுக்குள் செருகினார்.

பிரேக் கிறீச்சிட்டது. டிரம் குதித்துக்கொண்டு கிளம்பியது. அதன் மேல் ஒரு குரல், மெலிந்த, குறும்பான, மூச்சு வாங்குகிற குரல், ஸ்டேஷன் பெயர்களை வாரி இறைத்துக்கொண்டு ஓடியது.

"அண்ணா, நிறுத்துங்க. உங்க டேப் ஸ்பீடா ஓடுது. கேசட் வீணாப் போயிடும்."

"இன்னா சார் சொல்றே? முந்தாநேத்து சர்வீஸ் வுட்ட செட்டு."

"இல்லண்ணா. இது மெதுவான பாட்டு."

"இதுவா? இது இன்னாமா குதிச்சிகினு போவுது, மெதுவான பாட்டுன்றியே." ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் கேசட்டை வெளியே எடுத்து, தன்னுடைய முருகன் கேசட்டைப் போட்டார். முருகன் பாட்டு என்றைக்கும் போல, எல்லா டீக்கடைகளிலும் போல, ஓடியது. "கரீக்டா கீதா? அப்ப ஒன்னுதும் கரீக்டாதான் கீது. சும்மா பேஜார் பண்ணாம குந்து சார்."

திரும்ப என் கேசட். பின்னால் குழந்தைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். பல்லாவரம் வந்தால் பல்லாவரம் என்று கத்தினார்கள். இரண்டாம் தடவை வந்தபோது "ரெண்டாவது வாட்டி!" என்று கத்தினார்கள். பாட்டு முடிவதற்குள் மொட்டை போடப் போகிற பயல் தொண்டை கிழியக் கூவினான்: "பழவந்தாங்கல் வுட்டுட்டாரு! பழவந்தாங்கல் வுட்டுட்டாரு!" எல்லோரும் கைதட்டினார்கள். அது அதற்காகத்தான் விடப்பட்டிருந்தது. எந்த ஸ்டேஷன் காணோம் என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு.

குன்றத்தூர் மலை தெரியத் தொடங்கியபோது கேசட்டின் கடைசி வந்தது. இசை நின்றது. ஒரு கிழவர் அடக்க மாட்டாமல் சிரித்தார். பாட்டை முடித்துவிட்டு, யாரோ எதிரில் நின்று ஏதோ செய்திருக்க வேண்டும், விட்டு விட்டு, மூச்சு முட்டச் சிரித்தார். வேனே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னப்பா, வாந்தி வருதா?" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

ஊர் திரும்பியதும் டூ-இன்-ஒன்னைக் கடைக்குக் கொண்டுபோய்ப் புது பெல்ட் போட்டேன். சிவப்பு ரப்பர் பேண்டை அந்தக் கடை வாசலிலேயே சாக்கடையில் எறிந்தேன்; அது கையில் இருப்பதே பொறுக்கவில்லை. மாடிக்கு வந்து கேட்டேன். பிடிக்கவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும். சரியான வேகத்தில் ஓடிய அந்தக் கேசட், நான் நேசித்த ஒருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற வேறு ஆளாக இருந்தது. பல நாள் பிடிவாதமாகக் கேட்ட பிறகுதான் அது தன்னைக் காட்டத் தொடங்கியது. கிரைண்டர் பாட்டில் அந்த ஹம்மிங், வீட்டில் எல்லோரும் எழுவதற்குமுன் எழுந்துவிட்ட ஒருவர், மாவு பொங்கி வழிவதற்குள் எத்தனை மெட்டு நினைவுக்கு வருகிறதோ அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பது. ஒன்றை முடிக்கும் முன் அடுத்தது முந்திக்கொள்ளும். அவசரம், கேசட் முழுக்க அவசரம். நேரம் குறைவு என்று தெரிந்த மனிதர் மெதுவாகத்தான் நடப்பார் என்று எனக்கு யார் சொன்னது? சாவைப் பற்றிய பாட்டு அதில் இருந்ததோ என்னவோ, இருந்திருந்தால் அது ஓடிக்கொண்டிருந்தது.

பால் வாங்க அம்மாவை அனுப்பினேன். "உங்க பையன் எங்க, கண்ணுலயே படலியேன்னு கேட்டாரு" என்று அம்மா வந்து சொன்னாள். மறுநாளும் சொன்னாள். போனேன்.

மகள் கதவைத் திறந்தார். கூடத்தில் கட்டிலின் மேல் கீபோர்டு, அதன் மேல் துண்டு. "வாங்க, வாங்க" என்று துண்டை உருவினார் அவர். "உக்காருங்க. மொதல்ல நீங்கதான் கேக்கணும்."

வாசித்தார், பாடினார். மெதுவாக. மிக மெதுவாக. தொண்டையை அழுத்தி, தனக்கு எட்டாத கீழ் ஸ்தாயிக்குள் குரலைத் தள்ளி, அங்கே அது நிற்க முடியாமல் தவிப்பதை விடாப்பிடியாக நிறுத்தி.

"அன்னிக்கு வேணும்னே மெதுவா ஓட வெச்சுக் காட்டினீங்களே தம்பி. மொதல்ல கோவம் வந்துச்சு, ஒத்துக்கறேன். எம் பாட்ட எங்கிட்டயே திருத்திக் காட்டறான் பாரு பொடிப்பயன்னு. வோல்டேஜ்னு கேட்டப்ப முகத்துல ஒரு அசைவு இல்ல ஒங்களுக்கு. அப்புறம் வீட்டுக்கு வந்து யோசிச்சேன். நான் ஓடிட்டேன், நின்னு பாக்கலன்னு சொல்றாப்புலன்னு பட்டுது. இவ்வளவு தூரம் கேக்கற ஒருத்தன் இருக்கும்போது..."

"சார், அது ரப்பர் பேண்டு."

"என்னது?"

"பெல்ட் அறுந்துபோச்சு சார். மெடிக்கல் ஷாப் ரப்பர் பேண்டு ஒண்ணு மாட்டியிருந்தேன். வேணும்னு பண்ணல. எனக்குத் தெரியாது சார். அதுதான் பாட்டுன்னு நெனச்சிட்டேன்."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உடனே குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார். இவர் கீபோர்டின் சுவிட்சை அணைத்தார். அதன் சிவப்புப் பொட்டு விளக்கு அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அந்தக் குரலில் ஒரு கேசட் முழுக்கப் பாடியிருப்பார். எது மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. அவருக்கென்று இருந்த ஒரே ஒரு ஆள், அந்த ஒரு வாக்கியத்தில் இல்லாமல் போனான்.

"அப்ப அந்தச் சாவு?"

"தெரியாம சொன்னேன் சார்."

"அழுகை?"

"சிரிப்புன்னு எனக்குத் தெரியல சார்."

"பழவந்தாங்கல்?"

"அது வேன்ல அக்கா பையன் கண்டுபுடிச்சிட்டான் சார். மொத தடவையிலயே."

"கண்டுபுடிச்சிட்டானா?" முகம் மாறியது. "மொத தடவையிலயா? பேத்திக்காகப் பண்ணினது தம்பி அது. அவ கேக்கவே மாட்டேன்னுட்டா." கீபோர்டின் மேல் துண்டைப் போட்டுவிட்டு, "அந்த ரப்பர் பேண்டு இருக்கா?" என்றார்.

"தூக்கிப் போட்டுட்டேன் சார். புது பெல்ட் மாத்தியாச்சு."

"அடடா" என்றார். "மத்ததெல்லாம் எருமை நடக்கற மாதிரி இருந்துச்சு. ஆனா கிரைண்டர் பாட்டு... அது அதுல ஒரு மாதிரி இருந்துச்சு. அத மட்டும் இன்னொரு தடவ கேக்கணும்."

மறுநாள் சாயங்காலம் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். பின்பக்கத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தோம். அதே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ரப்பர் பேண்டுகள், மகளின் சமையலறையில் சட்னிப் பொட்டலங்களிலிருந்து சேர்த்து வைத்தவை, சைக்கிள் கடையில் டியூபை வளையமாக வெட்டித் தந்தது. ஒவ்வொன்றாக மாட்டினேன். ஒன்றில் பாட்டு இழுத்து இழுத்து நின்றே போனது. ஒன்றில் கொசு பாடியது. அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கிரைண்டருக்காகக் காத்திருப்பார்.

"இது இல்ல."

"இல்ல சார்."

"இது?"

"இல்ல சார். கிட்ட வருது."

"வருது, இல்ல? ஆனா இது இல்ல."

"அப்பா, அந்தச் சைக்கிள் டியூபு நாத்தம் தாங்கல" என்றார் மகள் உள்ளேயிருந்து.

அந்தச் சிவப்பு வளையத்தில் ஓடியதை உலகத்தில் கேட்டது நாங்கள் இருவர் மட்டும். அது இல்லை என்பதைச் சொல்லவும் நாங்கள் இருவர்தான். மடியெல்லாம் ரப்பர் பேண்டுகளோடு உட்கார்ந்திருந்தோம். பின்னால், அந்த வருட ஆடியிலோ ஆவணியிலோ அவர் இன்னொரு மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் பக்கம் போனார். கோடம்பாக்கத்துக்கு அவர் போகவில்லை. அடுத்த கேசட் வரவில்லை.

"போதும். சரியானதயே போடுங்க" என்றார் அந்தச் சாயங்காலத்தின் கடைசியில்.

கறுப்பு பெல்ட்டை மாட்டினேன். டேப்பை முதலுக்குச் சுற்றி, பட்டனை அழுத்தினேன். பிரேக் கிறீச்சிட்டது. அவர் கை முழங்காலுக்குப் போனது; விரல் விழுந்த இடத்தில் டிரம் விழுந்தது. சானடோரியம், குரோம்பேட்டை என்று அவர் குரல் ஓடத் தொடங்கியதும் அவர் என் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கேட்பதைப் பார்க்க. எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடவில்லை.

பாட்டு முடிந்தது. அவரே எட்டி நிறுத்தினார்.

"இப்ப எப்படி தம்பி?"

மறதி, மரணம், முதுமை எதையும் நான் இழுக்கவில்லை.

"வேகமா இருக்கு சார்" என்றேன்.